ஐந்தாம் வசனத்துக்கு முன்னால்

எனக்கு எதையும் நடுவிலிருந்து வாசிக்க வராது. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது. முழு வகுப்புக்கும் இரண்டே புத்தகங்கள். ஒருவர் எழுந்து நின்று பக்கத்தின் தலையிலிருந்து வாசிக்க வேண்டும். ஒரு சொல் பிழைத்தால் மறுபடியும் தலையிலிருந்து. நான் கூச்சக்காரன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றாலே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதனால் ஒரே பக்கத்தின் முதல் மூன்று வரிகளை என்னளவுக்கு வாசித்தவர்கள் அந்த வகுப்பில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பிறகு கவ்வாத்துக் கத்தி கைக்கு வந்தது, புத்தகம் போனது. உயர்ந்து போன தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுகிற வேலை. அந்த வேலையில் யாரும் யாரையும் சத்தமாக வாசிக்கச் சொல்வதில்லை.

மறுபடியும் என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தவர் எங்கள் பாஸ்டர்.

அவரைப் பற்றி எழுதுவதென்றால் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் அப்போது குடித்துக்கொண்டிருந்தேன். சம்பள நாளன்று சாராயத் தவறணையைத் தாண்டி என் கால்கள் வராது. பாஸ்டர் அந்த நாட்களில் வட்டகொடைப் பக்கம் ஒரு மரக்கறி லொறியில் கிளீனராக இருந்துவிட்டு, அதை விட்டு ஊழியத்துக்கு வந்திருந்தார். ஒரு சம்பள நாள் சாயந்தரம் கடைத்தெருவில் என் பக்கத்தில் வந்து நடந்தார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. "மழ வரும் போல பிரதர்" என்றார். அவ்வளவுதான். தவறணையைத் தாண்டினோம். நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசல்வரை வந்து, என் மனைவி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த சம்பள நாளும் வந்தார். ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு மாதம் தவறாமல் வந்தார். ஒருமுறை காய்ச்சலோடு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்படித்தான் நான் நிறுத்தினேன்.

பாவித்து முடிந்த பழைய பிள்ளைக் காம்பராதான் எங்கள் ஜெபவீடு. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடமாக ஒரு காலத்தில் இருந்தது. சுவரில் மங்கிப்போன ஒரு முயல் படம் இன்னும் இருக்கிறது. கூரைத் தகரத்தை நானும் பாஸ்டரும்தான் ஏறி மாற்றினோம். அரிசியும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் ஊரே வரிசையில் நின்ற காலத்தில், அவர் எங்கெங்கோ பேசி அரிசி கொண்டுவந்தார். சாமி கும்பிடுகிறவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்று பார்க்காமல் லயம் முழுக்கக் கொடுத்தார்.

பிறகு ஒரு தடவை எங்கோ ஒரு பெரிய கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். வரும்போது ஒரு பட்டத்தோடு வந்தார். வாசல் பலகையில் 'பாஸ்டர்' என்று இருந்த இடத்தில் 'அப்போஸ்தலர்' என்று எழுதப்பட்டது. எங்களுக்கு வாயில் நுழையவில்லை, பாஸ்டர் என்றே கூப்பிட்டோம். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அதன் பிறகு வசனங்களும் மாறின. வசனங்கள் மாறவில்லை, அவர் நிறுத்துகிற இடங்கள் மாறின என்று இப்போது தெரிகிறது. ஆடுகள் மேய்ப்பனுடைய குரலை அறியும் என்று வரும். அந்த மேய்ப்பன் யார்? இந்த நாலு தோட்டத்துக்கும் அவர்தான். பரலோகத்தின் சாவியைப் பற்றி வரும். அந்தச் சாவி இங்கே யாரிடம் இருக்கிறது? அவரிடம்தான். டவுனில் இருக்கிற பழைய சபையைப் பற்றிக் கேட்டால், "அங்க கட்டடம் இருக்கு, ஆவி இல்ல" என்பார். மாதா கோயில் பாதரைப் பற்றிப் பேசவே மாட்டார், கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டுவார். அபிஷேகம் பெற்றவனைத் தொடக்கூடாது என்ற வசனம் வாரத்துக்கு ஒருமுறையாவது வரும்.

அவர் பிரசங்கிப்பதில் ஒரு முறை உண்டு. வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்து கடைசிச் சொல்லைப் பாதியில் விடுவார். நாங்கள் முடிக்க வேண்டும். "உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்…" என்பார். "படியுங்கள்!" என்று கூரைத் தகரம் அதிரும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கூட்டத்தோடு சேர்ந்து ஒரே ஒரு சொல்லைச் சொல்வதில் கூச்சம் இல்லை.

வீட்டில் வாசிக்கவும் ஒரு ஒழுங்கு வைத்தார். அந்தந்த வாரம் அவர் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுத் தருகிற வசனங்களை மட்டும் வாசிக்க வேண்டும். "நீங்கள்லாம் படிக்காதவங்க. சொந்தமா வாசிச்சீங்கன்னா கொழம்பிப் போயிருவீங்க. வெளக்கம் சொல்றதுக்குத்தான் ஆண்டவர் என்னய வச்சிருக்காரு." எனக்கு அது அவமானமாகப் படவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. இரண்டு வரி வாசித்தால் போதும் அல்லவா.

இப்படி இருக்கும்போதுதான் என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் கூடியது.

எனக்கு ஒரே தங்கச்சி. பூண்டுலோயாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டார் சாமி கும்பிடுகிறவர்கள். அவள் புருஷன் இறந்து நான்கு வருடமாகிறது. தாய்மாமனுக்குத்தான் முதல் வெற்றிலை என்பது எங்கள் வழக்கம். அவள் தட்டில் வெற்றிலை பாக்கும், மேலே கல்யாணக் கார்டும் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். கார்டில் என் பெயர் அச்சாகி இருந்தது. என் பெயரை அச்சில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"கோயில்லதான் தாலி கட்டுறாங்கண்ணே" என்றாள். "அவ அப்பா இருந்தா நான் வந்து இப்படிக் கேக்க மாட்டேன். நீங்க வந்து அவ கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போகணும். நீங்க வரலன்னா வேற யாரயும் நிப்பாட்ட மாட்டேன்னு சொல்லிட்டா. தனியாவே நடந்து போறாளாம்."

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். வருகிறேன் என்று வாய் வரவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. போகும்போது மட்டும், "தனியாப் போனாலும் ஒங்களத் திட்ட மாட்டாண்ணே, அவளுக்கு ஒங்களத் தெரியும்" என்றாள். திட்டியிருக்கலாம்.

அடுத்த நாளே பாஸ்டரிடம் போனேன். உட்கார வைத்தார், தேநீர் தந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"விக்கிரகத்துக்கு முன்னால நடக்குற காரியம் பிரதர். நீங்க போகக் கூடாது."

"கும்பிட மாட்டேன் பாஸ்டர். புள்ளயக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு ஓரமா நிப்பேன்."

"ஒங்க ஆத்துமாவுக்குக் கணக்குச் சொல்லப் போறது நீங்க இல்ல, நான். வசனம் இருக்கு. நான் வேணாம்னு சொன்னா அது நான் சொல்றதில்ல." குரல் கொஞ்சம் தணிந்தது. "எங்க அண்ணன் கல்யாணத்துக்கே நான் போகல பிரதர். இப்பத்தி வரைக்கும் அவன் என்னோட பேசுறதில்ல." அதைப் பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினார். முடிக்கும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போனீங்கன்னா ஒங்களுக்கு அப்பம் இல்ல" என்றார். மாதத்தின் முதல் ஞாயிறன்று அப்பமும் திராட்சை ரசமும் தருகிற ஆராதனையைத்தான் சொன்னார். அந்த அப்பத் துண்டு இல்லையென்றால் நான் சபையில் இல்லை என்று பொருள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்காமலே, "ஆண்டவர் கானாவூர்க் கல்யாணத்துக்குப் போனாருல்ல, அவரு யார்ட்ட கேட்டுட்டுப் போனாராம்?" என்றாள்.

"ஒனக்கு எல்லாம் வெளயாட்டு."

"வெளயாட்டில்ல. அங்க போயி தண்ணிய ரசமாக்கிக் குடுத்துட்டு வந்தாரு. ஒங்களக் கைய மட்டுந்தான் புடிச்சிட்டு வரச் சொல்றாங்க."

மலையில் கவ்வாத்து வெட்டும் கூட்டாளிகளும் விடவில்லை. "மச்சான், நீ வரலன்னா சொல்லு, தாய்மாமனா நான் போயி நிக்கிறேன். சாப்பாடு நல்லா இருக்கும்" என்றான் ஒருவன். சிரித்தேன். அன்றைக்கு நான் வெட்டிய நிரையில் பாதிச் செடியின் வெட்டு கோணலாக இருந்தது.

கல்யாணம் புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் எடுத்துக்கொண்டது கீழ்ப்படிதலைப் பற்றி. யாருக்காக என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தில் எதுதான் தெரியாது? வழக்கமாக வசனம் வாசிப்பது பாஸ்டரின் மனைவி. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குப் பழக்கம். அன்று பாஸ்டர், "இன்னிக்கு நம்ம பிரதரே வாசிக்கட்டும்" என்று என்னைக் கை காட்டினார். "பேதுரு எழுதின முதலாம் நிருபம், அஞ்சாம் அதிகாரம், அஞ்சாம் வசனம்."

எழுந்தேன். முன்னால் ஒரு கம்பில் போனைக் கட்டி ஆராதனையை இன்டர்நெட்டில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் கண் என்னையே பார்ப்பது போல் இருந்தது. மனைவி பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். அதிகாரத்தின் எண் பெரிதாக இருந்தது, அது தெரிந்தது. வசன எண்கள் கடுகு மாதிரி. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அவை எல்லாம் ஒரே புள்ளிகள்தான். தேடித் தேடிப் பார்த்தேன். பின்னால் யாரோ இருமினார்கள். வேறு வழி தெரியாமல், பள்ளிக்கூடத்தில் செய்தது போல விரலைத் தலையில் வைத்து, மேலே இருந்து தொடங்கினேன்.

நான் வாசிக்கும்போது எனக்கு வேறு எதுவும் கேட்காது. அருவிக்குக் கீழே தலையை வைத்திருப்பது போல இருக்கும். பாஸ்டர் "அஞ்சாம் வசனம் பிரதர், அஞ்சாம் வசனம்" என்று இரண்டு முறை சொன்னாராம். பிறகு சொன்னார்கள். நான் அப்போது ஒவ்வொரு எழுத்தாக ஏறிக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதத்தை எழுதியவர், சபையின் மூப்பர்களிடம், தானும் அவர்களைப் போல ஒரு மூப்பன்தான் என்று சொல்லித் தொடங்குகிறார். மந்தையை மனமுவந்து மேய்க்கச் சொல்கிறார். அதன்மேல் அதிகாரம் பண்ண வேண்டாம், அதற்கு முன்மாதிரியாக நடந்து காட்டுங்கள் என்கிறார்.

"ஆமென்!" என்று ஒரு பெரிய சத்தம். எங்கள் வரிசையில் எப்போதும் உட்காரும் பெரியம்மா. காது மந்தம், வாயில் பல் கிடையாது. இடம் பார்த்து ஆமென் சொல்கிற பழக்கமும் இல்லை. இரண்டு பேர் சிரிப்பை அடக்கியது கேட்டது. நான் விரலை நகர்த்தினேன். எல்லா மேய்ப்பருக்கும் மேலான மேய்ப்பர் ஒருவர் வெளிப்படுவார் என்று வந்தது. அதன் பிறகுதான் இளையவர்கள் மூப்பர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வந்தது.

"போதும் பிரதர்" என்றார் பாஸ்டர். "போதும்."

இது எனக்குக் கேட்டது. எழுதுகிறேன் என்று உட்கார்ந்த பிறகு மறைப்பதில் அர்த்தமில்லை. இது எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் என் விரலுக்குக் கீழே வரி முடியவில்லை. வரி முடியாமல் நிறுத்தினால் எங்கள் வாத்தியார் மறுபடியும் தலையிலிருந்து வாசிக்கச் சொல்வார். தட்டோடு வந்த தங்கச்சியின் முகமும் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டில் எது என் விரலைத் தள்ளியது என்று இன்றுவரை தெரியவில்லை.

நீங்கள் எல்லாரும் ஒருவருக்கு ஒருவர், என்று வாசித்தேன். அடுத்த சொல் நீளம். கூட்டி வாசிக்க மூச்சு போதவில்லை. "கீழ்ப்…" என்று நின்றேன்.

"படியுங்கள்!" என்று மொத்த ஜெபவீடும் பழக்கத்தில் முடித்தது. தகரம் அதிர்ந்தது.

என்ன சொன்னோம் என்று அவரவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்திருக்க வேண்டும். பாஸ்டர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். அவர் முகம் சிவந்து பிறகு வெளுத்தது. என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சிரித்தார். "பிரதருக்குக் கண்ணு தெரியல. டவுன்ல போயி ஒரு கண்ணாடி வாங்கிப் போடணும், என்ன?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைக் காப்பாற்றினாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அன்று பிரசங்கம் நடக்கவில்லை. இரண்டு பாட்டுப் பாடி ஜெபித்து முடித்தோம்.

வீட்டுக்குப் போவதற்குள் தங்கச்சி கூப்பிட்டாள். கல்யாணப் பெண்ணான என் மருமகள் ஆராதனையைப் போனில் பார்த்திருக்கிறாள்.

"அண்ணே, வாசிச்சீங்களாமே. புள்ள அழுதுகிட்டு இருக்கா." பிறகு கேட்டாள், "வாறீங்களா?"

"வாறேன்" என்றேன்.

சாயந்தரம் பாஸ்டர் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"வேணும்னுதான் வாசிச்சீங்களா பிரதர்?"

"மொதல்ல தெரியாமத்தான் பாஸ்டர். கடசி வரி தெரிஞ்சுதான்."

பொய் சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பொதன்கெழம போனீங்கன்னா அப்பம் இல்ல. நான் சொன்னது சொன்னதுதான்."

"சரிங்க பாஸ்டர்."

திரும்பிப் போகப் பார்த்தார். என் மனைவி கோப்பையோடு வந்துவிட்டாள். "டீய குடிச்சிட்டுப் போங்க பாஸ்டர்."

"வேணாம் சிஸ்டர்."

"குடிங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் கீழ்ப்படியணும்னு காலையிலதான கேட்டோம்."

எனக்கு உயிரே போய்விட்டது. பாஸ்டர் அவளையும் கோப்பையையும் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். சம்பள நாட்களில் நின்று குடித்த அதே இடத்தில் நின்று குடித்துவிட்டு, கோப்பையைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை நல்ல வெயில். மருமகளின் கை ஐஸ் மாதிரி இருந்தது, வளையல்கள் என் மணிக்கட்டில் இடித்தன. கோயில் வாசலில் இருந்து மணவறைக்கு முப்பது அடி இருக்கும். இருபக்கமும் ஆட்கள், போன்கள். என் கால்கள் பின்னின. அவள் உதட்டை அசைக்காமல், "மாமா, கீழ பாக்காம நடங்க. நான் இருக்கேன்ல" என்றாள். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனோம் என்று சொல்ல முடியாது. அவளை உட்கார வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். மேளம் கொட்டும்போது கண்ணை மூடி, என் ஆண்டவரிடம் அந்தப் பிள்ளைக்காக ஜெபித்தேன். அவரை நான் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போயிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். "நம்ம ஏத்துன தகரத்துக்குக் கீழ ஒக்கார நமக்கு என்ன பயம்?" என்றாள் மனைவி. வழக்கமான வரிசையிலேயே உட்கார்ந்தேன். பாஸ்டர் அப்பத் தட்டோடு ஒவ்வொருவராக வந்தார். என் முன்னால் வந்ததும் தட்டு நின்றது. நான் என் முழங்காலைப் பார்த்தேன். அவருடைய சப்பாத்தில் மண் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பிறகு அந்தச் சப்பாத்து நகர்ந்தது.

பக்கத்தில் இருந்த பெரியம்மா தன் துண்டை எடுத்தாள். பிட்டாள். "இந்தா தம்பி" என்றாள், காது கேளாதவர்கள் பேசுகிற சத்தத்தில். "எனக்கு எதுக்கு இவ்வளவு பெருசு? பல்லும் இல்ல."

பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். நான் அதை வாங்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அடுத்த வரிசைக்குப் போனார். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்கடுத்த மாதம் தட்டு என் முன்னால் நின்றது, நகரவில்லை. எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசியதில்லை. வாசல் பலகையில் பட்டம் அப்படியேதான் இருக்கிறது. சாவி வசனமும் அவ்வப்போது வருகிறது. சிவப்புப் பேனாவைத்தான் கொஞ்ச நாளாகக் காணவில்லை.

அவர் சொன்னபடியே டவுனுக்குப் போய்க் கண்ணாடி வாங்கினேன். கடையில் இருந்த சிங்களப் பெண், "பொத் கியவன்னத மஹத்தயா?" என்று கேட்டாள், புத்தகம் வாசிக்கத்தானா ஐயா என்று. "ஓவ்", ஆமாம், என்றேன். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

இப்போது கடுகு எண்கள் எல்லாம் நன்றாகத் தெரிகின்றன. எப்போதாவது பாஸ்டர் என்னை வாசிக்கச் சொல்வார். வசனத்தின் எண்ணைச் சொல்லிவிட்டு, நான் கண்ணாடியை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "மேல இருந்தா பிரதர்?" என்று கேட்பார்.

"மேல இருந்துதான் பாஸ்டர்."

நேரமெடுக்கும் என்று அவருக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.